லுட்விக் என்றால் சண்டையா?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2022

"என் தங்கைக்கு மான்ஹைமில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மாப்பிள்ளை ஜெர்மன்காரர். அவர் அப்பா பெயர் லுட்விக். அதையே பிள்ளைக்கு வைக்கலாம் என்கிறார்கள். அம்மா யாரையோ விட்டு இணையத்தில் தேடச் சொல்லி, 'புகழ்பெற்ற போர்வீரன்' என்று அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார். பச்சைப் பிள்ளைக்குச் சண்டைக்காரன் என்றா பேர் வைப்பீர்கள் என்று வீட்டில் ஒரே ரகளை. பீத்தோவன் பெயரும் லுட்விக்தானே? பாட்டுக்காரருக்குப் போர்வீரன் பெயர் எப்படி வந்தது?"

3 மார்ச், இரவு

அம்மா கண்டுபிடித்தது பாதி சரி. பழைய வடிவம் ஹ்லூத்விக். ஹ்லூத் ஒரு சொல், விக் ஒரு சொல். விக் என்றால் போர், அதில் தகராறே இல்லை. ஹ்லூத் என்றால் புகழ்பெற்ற. 'வீரன்' இரண்டிலும் கிடையாது. அது பெயர்ப் புத்தகம் போடுகிறவர்கள் தங்கள் கையிலிருந்து சேர்த்தது.

4 மார்ச்

நேற்று அவசரத்தில் எழுதியது. ஹ்லூத்தை 'புகழ்பெற்ற' என்று சொல்லி விட்டுவிட முடியாது. அதே சொல்தான் ஆங்கிலத்தில் 'லவுட்', ஜெர்மனில் 'லௌட்', அதாவது சத்தமான. இரண்டுக்கும் கீழே இருப்பது கேட்டல். காதில் நன்றாக விழுவது சத்தம். ஊரே கேள்விப்பட்டது புகழ். நாமும் ஒருவருக்குப் 'பேர் அடிபடுகிறது' என்கிறோமே.

அப்புறம் ஒரு வேடிக்கை. சமஸ்கிருதம், கிரேக்கம், ஜெர்மன் எல்லாவற்றுக்கும் மூதாதையான முந்து இந்தோ-ஐரோப்பிய மொழியில் 'கேள்' என்ற பொருளில் இருந்த வேர் கிரேக்கத்தில் 'க்ளெயோஸ்', புகழ், ஆனது. பெரிக்ளீஸ், தெமிஸ்தொக்ளீஸ் பெயர்களின் வால் அதுதான். சமஸ்கிருதத்தில் 'ச்ரு' ஆனது. பாரதப் போரில் வருகிற பூரிசிரவஸ் 'மிகுந்த புகழுடையவன்'. அதே வேரிலிருந்துதான் 'சுருதி'. சமஸ்கிருதத்தில் ச வருகிற இடத்தில் ஜெர்மானியத்தில் ஹ வரும். நமக்குத் தெரிந்த 'சதம்' ஜெர்மனில் 'ஹுண்டர்ட்'. அதே கணக்கில் சுருதிக்கும் ஹ்லூத்துக்கும் ஒரே பாட்டி.

ஆக, பீத்தோவன் பெயரின் முன்பாதி நம் கச்சேரி மேடையில் தம்புராவுக்குச் சேர்க்கிற சுருதியின் ஒன்றுவிட்ட தம்பி. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

4 மார்ச், மாலை

ஒருவர் 'விக்'கையும் 'விஜய்'யையும் சேர்த்துவைக்கப் பார்க்கிறார். ஆகாது. லத்தீனில் வெல்லுதலுக்கான 'வின்கெரெ', அதிலிருந்து வந்த விக்டர், இவற்றுக்கு 'விக்' உறவு. விஜயம் என்பது வி + ஜயம். பிளந்து பார்த்தால் வேர் 'ஜி'. காதுக்கு ஒன்றுபோல இருப்பதெல்லாம் உறவென்றால் தலையில் வைக்கிற விக்கையும் சேர்க்கவேண்டி வரும்.

6 மார்ச்

ஹ எப்போது போயிற்று என்ற கேள்வி. 6ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் கிரெகோரியுஸ், இன்றைய பிரான்ஸை ஆண்ட ஜெர்மானிய இனமான ஃபிராங்குகளின் வரலாற்றை லத்தீனில் எழுதியபோது, அவர்களின் அரசன் ஹ்லொதொவிக்கின் பெயரைக் 'க்ளொதொவேகுஸ்' என்று எழுதினார். தொண்டையிலிருந்து வரும் அந்த ஹ-வுக்கு லத்தீனில் எழுத்தில்லாததால் க போன்ற ஒன்றைப் போட்டுச் சமாளித்தார்கள். இந்த வடிவம்தான் புத்தகங்கள் வழியாகத் தேய்ந்து 'க்ளோவிஸ்' ஆனது. மக்கள் வாயில் புழங்கிய வடிவம் முன்னெழுத்தை உதிர்த்து, நடு எழுத்துகளையும் விழுங்கி, 'லூயி' ஆனது. க்ளோவிஸ், லூயி, லுட்விக் மூன்றும் ஒரே பெயர். பிரெஞ்சு அரசர் வரிசையில் 18ஆம் லூயி வரை எண்ணும்போது 511இல் இறந்த க்ளோவிஸைச் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தால் 1793இல் தலை போனவர் 16ஆம் லூயி ஆகமாட்டார்.

எழுத்தில் ஹ 881 வரை உயிரோடு இருந்தது. சோக்கூர் என்ற இடத்தில் வைக்கிங்குகளை வென்ற இளம் அரசனைப் பற்றிய பழைய ஜெர்மன் பாட்டு, 'ஒரு அரசனை அறிவேன், அவன் பெயர் ஹ்லுத்விக்' என்று தொடங்குகிறது. அடுத்த ஆண்டே அந்த ஹ்லுத்விக் இறந்துபோனார். போரில் இல்லை. ஒரு பெண்ணைக் குதிரையில் துரத்திக்கொண்டு போய், வாசல் நிலையில் இடித்துக்கொண்டு. பெயரில் போர் இருந்து என்ன செய்ய.

7 மார்ச்

திருத்தம். '881 வரை' என்று நான் கோடு கிழித்தது தப்பு. 842இல் ஸ்ட்ராஸ்பூர்கில் இரண்டு அரச சகோதரர்கள் செய்த உறுதிமொழியில் ஹ இல்லாமல் 'லொதுவிக்' என்றுதான் இருக்கிறது என்று ஒருவர் காட்டியிருக்கிறார். உண்மை. நம்மிடம் இருப்பது பிற்பாடு எடுத்த பிரதி என்று சாக்குச் சொல்லலாம். சொல்லவில்லை. ஓர் இடத்தில் உதிர்ந்த ஒலி இன்னோர் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரிலேயே ழ-வின் கதி ஊருக்கு ஊர் வேறாகத்தானே இருக்கிறது.

அந்த உறுதிமொழியில் இன்னொரு அழகு. ஜெர்மன் பேசுகிற லுட்விக், தம்பி சார்லஸின் படை புரிந்துகொள்வதற்காகப் பழைய பிரெஞ்சில் உறுதி சொன்னார். சார்லஸ் பதிலுக்கு ஜெர்மனில் சொன்னார். எதற்காக? மூத்த அண்ணன் லோத்தாரை எதிர்க்க. லோத்தார் பெயரிலும் அதே ஹ்லூத் உண்டு: ஹ்லூத் + ஹரி, புகழ் + படை. குடும்பச் சண்டை, பெயரிலும் பங்காளிகள்.

9 மார்ச்

இதைச் சொல்லாமல் இத்தனை நாள் இழுத்தது என் தப்பு. அம்மாவின் கவலைக்கு நேரான பதில் இதுதான். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் பெரும்பாலும் அர்த்தம் பார்த்து வைக்கவில்லை.

ஹில்டெகுண்ட் என்று ஒரு பெண் பெயர். ஹில்டு என்றால் போர். குண்ட் என்றாலும் போர். போர்ப்போர்! ஃபிரெடெகுண்ட் என்று ஓர் அரசி இருந்தார். ஃபிரிடு சமாதானம், குண்ட் போர். சமாதானப் போர் என்று எந்தத் தாய் தகப்பன் யோசித்து வைப்பார்கள்? 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வுஸ்டர் நகர ஆயர் வுல்ஃப்ஸ்டன். பெயரைப் பிரித்தால் ஓநாய், கல். ஓநாய்க்கல்லா? அவர் அம்மா வுல்ஃப்கிஃபு, அப்பா ஏதெல்ஸ்டன். அம்மாவிடம் பாதி, அப்பாவிடம் பாதி. அவ்வளவுதான்.

க்ளோவிஸின் வீட்டைப் பாருங்கள். அப்பா ஹில்டெரிக். மகன் ஹ்லொதொவிக். பேரப்பிள்ளைகள் தெயுதெரிக், ஹ்லொதொமெர், ஹில்டெபெர்ட், ஹ்லொதஹர். தாத்தாவின் ஹில்டெ ஒருவனுக்கு, தாத்தாவின் ரிக் ஒருவனுக்கு, அப்பாவின் ஹ்லொத இரண்டு பேருக்கு. பெயரைக் கேட்டாலே எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். பெயரின் வேலை அதுதான். நம் பக்கத்தில் ஒரே வீட்டில் செல்வராஜ், செல்வமணி, தங்கமணி, தங்கராஜ் என்று இருப்பார்கள். தங்கராஜைத் தங்கத்துக்கு ராஜா என்று யாராவது பெயர்த்துப் பார்க்கிறோமா?

9 மார்ச், இரவு

தூக்கம் வரவில்லை, ஒன்று தோன்றியது. தமிழில் மகனின் மகனுக்கு 'பேரன்' என்கிறோம். பெயரன். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். உங்கள் தங்கை வீட்டில் நடப்பதும் அதேதான். ஜெர்மன் தாத்தா லுட்விக், பேரன் லுட்விக். அம்மா இதை எப்படி எதிர்ப்பார்?

10 மார்ச்

பீத்தோவன் கேள்வியை விட்டுவிட்டோம். பதில் ஒரே வரி. அவரும் பெயரன். தாத்தா லுட்விக் ஃபான் பீத்தோவன், ஃபிளாண்டர்ஸின் மெகலென் நகரத்தில் பிறந்து, பான் நகர அரசவையில் இசைத் தலைவராக இருந்தவர். பேரனுக்கு மூன்று வயதாகும்போது, 1773இல், இறந்தார்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. பீத்தோவனுக்கு முன்பு 1769இல் பிறந்து சில நாளில் இறந்த ஓர் அண்ணன் இருந்தான். அவனுக்கும் லுட்விக் பெயர்தான், கூட மரியா என்று ஒரு பெயர் சேர்த்து. தன் வயதைப் பற்றி வாழ்நாளெல்லாம் குழம்பிக்கிடந்த பீத்தோவன், 1810இல் பழைய நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதி ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார். எனக்கு முன்னால் இன்னொரு லுட்விக் இருந்தான், பார்த்து எடுங்கள் என்று எச்சரித்தும் எழுதினார். 1770 டிசம்பர் 17 என்று சரியான சான்றிதழே வந்தது. அதையும் அவர் நம்பவில்லை.

கேட்டலிலிருந்து பிறந்த பெயருள்ளவருக்குக் காது போன கதையை யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சரி, சொல்லியாயிற்று, அடுத்ததற்குப் போவோம்.

13 மார்ச்

'யாரும் அர்த்தம் பார்க்கவில்லை' என்று 9ஆம் தேதி எழுதியதற்குக் கொஞ்சம் பின்வாங்குகிறேன். 820களில் எர்மோல்துஸ் நிகெல்லுஸ் என்ற கவிஞர், பேரரசர் லூயிமேல் லத்தீனில் நீளமான பாட்டு கட்டினார். அதில், 'ஹ்லுத்தோ என்றால் புகழ்மிக்கது, விக் என்றால் மார்ஸ்' என்று பெயரைப் பிரித்தே சொல்கிறார். மார்ஸ் ரோமானியப் போர்க்கடவுள். ஆக, 1,200 வருடத்துக்கு முன்பே இந்தப் பெயரின் அர்த்தம் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் அவர் யார்? அரசவையிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்குக்குத் துரத்தப்பட்டு, திரும்பக் கூப்பிடமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். அர்த்தம் தேவைப்பட்டது அரசரைக் குளிர்விக்க. நம் புலவர்களும் பரிசில் வேண்டுமென்றால் பெயருக்குப் புதுப்புது அர்த்தம் கண்டுபிடித்தவர்கள்தானே.

அந்தப் பேரரசருக்கு அந்தப் பெயர் வந்ததிலும் ஒரு கணக்கு உண்டு. அவர் அப்பா சார்லமேன். சார்லமேனின் முன்னோர், க்ளோவிஸின் வம்சமான பழைய மெரோவிஞ்சிய அரச வம்சத்தை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். 778இல் சார்லமேனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது இரண்டு பேருக்கும் இறக்கிவிட்ட வம்சத்தின் பெயர்களை எடுத்து வைத்தார்: ஹ்லுத்விக், ஹ்லோத்தார். நாங்களும் அந்த வீட்டு வாரிசுதான் என்று ஊருக்குச் சொல்ல. ஒரு குழந்தை சீக்கிரம் போய்விட்டது. மற்றவர்தான் இந்த லூயி. அர்த்தமா அங்கே முக்கியம்? வீடுதான்.

14 மார்ச்

மான்ஹைம் என்றீர்களே. ரைன் பாலத்தைத் தாண்டினால் லுட்விக்ஸ்ஹாஃபென். பவேரிய அரசர் முதலாம் லுட்விக் பெயரால் அமைந்த ஊர். அவருக்குப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1786இல் ஸ்ட்ராஸ்பூர்கில் பிறந்தபோது ஞானத்தகப்பன் பிரான்சின் 16ஆம் லூயி. ஜெர்மானியக் காட்டிலிருந்து கிளம்பி, பிரெஞ்சு வாயில் தேய்ந்து, திரும்ப ஜெர்மன் தொட்டிலுக்கு வந்த பெயர். பிறந்த நாள் ஆகஸ்ட் 25, புனித லூயி திருநாள்.

1845இல் அதே ஆகஸ்ட் 25 அவருக்குப் பேரன் பிறந்தான். வீட்டில் ஒட்டோ என்று வைக்க இருந்தார்கள். தாத்தா விடவில்லை, என் பிறந்தநாளில் பிறந்தவனுக்கு என் பெயர்தான் என்றார். நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைக் கட்டிய இரண்டாம் லுட்விக் அந்தப் பேரன். மூன்றாவது உதாரணம் ஆகிவிட்டது, பெயரன் கட்சியில் நான் உறுதியாக நிற்கிறேன்.

17 மார்ச்

இந்தப் பெயரில் உனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று ஒருவர் கேட்டார். என் ஞானஸ்நானப் பெயர் லூயிஸ். அதுதான்.

என் தாத்தா பெயர் ஞானப்பிரகாசம். காரைக்கால்காரர். கோவில் பதிவேட்டில் லத்தீனில் அவர் பெயர் அலோசியுஸ். 1591இல் ரோமில் கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்யப்போய், 23 வயதில் இறந்த இத்தாலிய இளைஞர் லூயிஜி கொன்சாகாவை லத்தீனில் அலோசியுஸ் என்பார்கள். நம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் அந்தப் புனிதரை ஞானப்பிரகாசியார் என்பார்கள். லூயிஜி என்றால் லூயி, லூயி என்றால் லுட்விக். எனக்குப் பெயர் வைக்கும்போது சாமியார், 'தாத்தா பெயரும் இதுவும் ஒன்றுதான்' என்றாராம். வீட்டில் யாரும் நம்பவில்லை.

நம்பாதவர்களில் ஓர் அலுவலகமும் உண்டு. தாத்தா நிலத்துப் பட்டாவில் ஞானப்பிரகாசம், பழைய சான்றிதழில் அலோசியுஸ். இருவரும் ஒருவரே என்று நிரூபித்துக்கொண்டு வா என்றார்கள். அப்பா ஏழெட்டு நடை நடந்தார். பீத்தோவன் கடிதத்தை முதலில் படித்தபோது எனக்கு அப்பா முகம்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் ஒன்று. ஸ்தேவானை முடியப்பர் என்றார்கள், கிரேக்கத்தில் அந்தப் பெயருக்குக் கிரீடம் என்று பொருள், சரியான மொழிபெயர்ப்பு. யோவானை அருளப்பர் என்றார்கள், அதுவும் கிட்டத்தட்டச் சரி. லுட்விக் மட்டும் தமிழுக்கு வரும்போது போரும் இல்லை, முழக்கமும் இல்லை. ஞானமும் வெளிச்சமும்! ஜெர்மன் வடிவமான அலோயிஸை 'எல்லாம் அறிந்தவன்' என்று பிரிக்கிற பழைய விளக்கம் ஒன்று உண்டு. இப்போது பெரும்பாலோர் ஒப்புவதில்லை. தாத்தா ஒப்பியிருப்பார்.

18 மார்ச்

புதுச்சேரிக்காரர் ஒருவர் சரியாக நினைவூட்டினார்: அங்கே பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்கும் புனித லூயி பெயர்தான். 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் 15ஆம் லூயியின் பெயர், அமெரிக்காவின் லூயிசியானா 14ஆம் லூயி. அதே நாட்டில் க்ளோவிஸ் என்றும் ஓர் ஊர். அதன் பக்கத்தில் கிடைத்த கல் ஈட்டிமுனைகளால், 13,000 வருடத்துக்கு முந்திய வேட்டைக்காரர்களுக்கு 'க்ளோவிஸ் பண்பாடு' என்று பெயர். ஃபிராங்கு அரசனுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? ரயில் ஸ்டேஷன் சம்பந்தம். அந்த ஊர் ஸ்டேஷனுக்கு அவன் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான்.

19 மார்ச்

தூத்துக்குடியிலிருந்து ஒருவர்: "எங்களை விட்டுவிட்டீர்களே." விடவில்லை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது வாங்கிய போர்த்துக்கீசியப் பெயர்களில் ஜெர்மானியப் பெயர்கள் ஏராளம். ஐபீரியாவை, அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்தை, ஆண்ட விசிகோத்துகள் என்ற ஜெர்மானியர் விட்டுப்போனவை. ரொட்ரிகோ: 'ஹ்ரோத்' புகழ், 'ரிக்' ஆள்பவன். அந்த 'ரிக்' நம் 'ராஜா'வுக்கு உறவு. பெர்னாண்டோவின் பின்பாதி துணிச்சல், முன்பாதி பயணமா சமாதானமா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கடலோடிகளுக்குப் 'பயணத் துணிச்சல்' பொருத்தம்தான். பொருத்தமாக இருப்பதால் அதுவே சரி என்று சொல்லமாட்டேன், விஜய்க்குச் சொன்ன அதே நியாயம்.

22 மார்ச்

பாரிஸ் பக்கத்தில் சாங் க்லூ என்று ஓர் ஊர். எழுத்தைப் பார்த்தால் ஆங்கிலக் கண்ணுக்கு 'கிளவுட்', மேகம் மாதிரி தெரியும். மேகம் இல்லை, இதுவும் நம் ஹ்லூத். க்ளோவிஸின் பேரன் ஹ்லொதொவால்து. அப்பா போரில் இறந்தபின் மூன்று பிள்ளைகளும் பாட்டி க்ளொதில்டாவிடம் வளர்ந்தார்கள். பங்குக்கு வந்துவிடுவார்களே என்று பயந்த சித்தப்பன்மார் பிள்ளைகளை வரவழைத்துக்கொண்டு, பாட்டிக்கு ஒரு கத்தரிக்கோலும் உருவிய வாளும் அனுப்பினார்கள். முடியை வெட்டி அரச உரிமையைப் பறிப்பதா, உயிரை எடுப்பதா, நீயே சொல். ஆத்திரத்திலும் துக்கத்திலும் அந்த அம்மாள், அரசாளாவிட்டால் பிள்ளைகள் முடியிழந்து நிற்பதைவிடச் செத்துக்கிடப்பதைப் பார்ப்பதே மேல் என்று சொல்லிவிட்டாள். இரண்டு பிள்ளைகளைச் சித்தப்பனே குத்திக் கொன்றான். தப்பித்த மூன்றாமவன் பிற்பாடு தன் கையாலேயே முடியை வெட்டிக்கொண்டு துறவியானான். கிரெகோரியுஸ் சொல்கிற கதை.

கொன்ற சித்தப்பனின் பெயர் ஹ்லொதஹர். துறவியின் பெயரிலும் ஹ்லொத. ஒரே வீட்டுச் சொத்தில் பங்கு.

26 மார்ச்

மூன்று வாரமாக கிரேக்கம், சமஸ்கிருதம், ஸ்ட்ராஸ்பூர்க் என்று அலைந்தேன். நேற்று மகள் பள்ளிக்கூடத்துக்காக 'ஈதல் இசைபட வாழ்தல்' என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து கேட்டவன் அப்படியே நின்றுவிட்டேன்.

இசைபட என்றால் புகழோடு. இசை என்றால் ஒலி, இசை என்றால் பாட்டு, இசை என்றால் புகழ். வேர் உறவு ஏதும் கிடையாது, தமிழ் வேறு குடும்பம். ஆனால் ஹ்லூத் செய்ததையே இசையும் செய்திருக்கிறது: சத்தத்துக்கும் புகழுக்கும் ஒரே சொல். 3ஆம் தேதி கேட்ட கேள்வி, பாட்டுக்காரருக்கு எப்படி இந்தப் பெயர்? முன்பாதியை ஒரே தமிழ்ச் சொல்லில் பெயர்த்தால் 'இசை' வருகிறது ஐயா. நான் சுருதியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

பெயருக்கு அர்த்தம் முக்கியமில்லை என்று சண்டை போட்டவனும் நான்தான். தெரியும்.

11 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். பெயர் லுட்விக் என்றே பதிவாகிவிட்டது. அம்மா இசை விளக்கத்துக்கும் மசியவில்லை, சுருதிக்கும் மசியவில்லை. சம்பந்தியின் பெயர், பேரனுக்கு வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது என்று யாரோ எடுத்துச் சொன்னதும் சரி என்றாராம். ஆனால் அவர் வாயில் லுட்விக் நுழையவில்லை. காணொளி அழைப்பில் பிள்ளையைக் கூப்பிடுவது 'லட்டு'.

ஹ எப்போதோ போனது. இப்போது விக்கும் போய்விட்டது.